2024 ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை: நிதிசேர் நடையும் கேட்டுச் சேர்த்தவர்களும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போசகர்களே, நிர்வாகசபை உறுப்பினர்களே, சங்கத்தின் அங்கத்தவர்களே!

2024 சனவரி முதல் டிசெம்பர் வரை சங்கம் ஆற்றிய பணிகளை இப்பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன். நிர்வாகசபை மாதந்தோறும் கூடியது. கோடைகால ஒன்றுகூடல், வாணி விழா, தமிழ்மொழி வகுப்புகள் ஆகியவை வழக்கம்போல் நடைபெற்றன. அவற்றின் விவரம் உங்கள் கையிலுள்ள குறிப்பேட்டில் இருப்பதால் இங்கே மீண்டும் கூறவில்லை. வரவு செலவுத் தொகைகளைப் பொருளாளர் தமது கணக்கறிக்கையில் வாசிப்பார். கனடாவின் ரொறன்ரோ நகரில் உள்ள ஸ்காபரோவில் நாம் நடத்திவரும் முதியோர் மதிய உணவுத் திட்டத்துக்கு இவ்வாண்டு நிதி சேர்த்த முறையைப் பற்றியே நான் விரிவாகப் பேச விரும்புகிறேன். ஏனெனில், பல ஆண்டுப் பழக்கத்தை விட்டு நாம் துணிந்து மாற்றியது அதைத்தான்.

இதுவரை ஓர் இராப்போசன விருந்து வைத்து, நுழைவுச்சீட்டு விற்று, விழா மலருக்கு விளம்பரம் கேட்டு வந்தோம். மண்டப வாடகை, உணவு, ஒலியமைப்பு என்று எல்லாம் போக மிஞ்சியதே முதியோருக்குச் சென்றது. விளம்பரம் தருபவர்களும் ஆண்டுதோறும் அதே கடைக்காரர்கள்தாம். அவர்களுடைய கதவை நம்மைப்போல எத்தனையோ சங்கங்கள் அதே மாதத்தில் தட்டுகின்றன. ஆகவே, சங்கம் ஊரிடம் கேட்பதை நிறுத்திவிட்டு, சங்கத்தில் உள்ள ஒவ்வொருவரும் தம்மை அறிந்தவர்களிடம் தம் பெயரால் கேட்டுச் சேர்த்துத் தருவது என்று சென்ற பொதுக்கூட்டத்தில் முடிவெடுத்தோம். செப்ரெம்பரில் நடந்த நிதிசேர் நடை அதன் வெளித்தோற்றம் மட்டுமே. உண்மையான வேலை அதற்கு முந்திய பத்து வாரங்களில் வீட்டு மேசைகளிலும் தொலைபேசியிலும் நடந்தது.

இந்த வழிமுறை வெள்ளைக்காரரிடம் கற்றது என்று நமது மூத்தோர் சிலர் தயங்கினார்கள். வீட்டுக்கு வீடு பிடியரிசி சேர்த்துப் பொதுக்காரியம் நடத்திய ஊர்களிலிருந்து வந்தவர்கள் நாம் என்பதை அவர்களுக்கு நினைவூட்டினேன். உலை வைக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் இட்ட பெண்ணுக்கும், அதைச் சேர்க்க வந்த பக்கத்து வீட்டாருக்கும் இடையில் இருந்த அறிமுகந்தான் அந்த முறையின் முதலீடு. யாழ்ப்பாணப் பொது நூலகமும் அப்படித்தான் முளைவிட்டது. 1933 இல் கே. எம். செல்லப்பா என்ற தனி மனிதர் தமது வீட்டில் நூல்களைச் சேர்க்கத் தொடங்கினார். பிறகு பலர் கூடி, களியாட்ட விழா நடத்தியும் பணம் திரட்டி, 1959 இல் நூலகக் கட்டடத்தைத் திறந்தார்கள்.

இந்த நாட்டின் முன்னுதாரணம் நம் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். புற்றுநோயால் ஒரு கால் இழந்த ரெரி பொக்ஸ், 1980 ஏப்ரலில் நியூபவுண்ட்லாந்தில் தொடங்கி 143 நாட்களில் 5,373 கிலோமீற்றர் ஓடினார். வழியில் யூலை மாதத்தில் நமது ஸ்காபரோ சிவிக் சென்ரரிலும் அவர் பேசினார். புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் கனடாவில் வாழும் ஒவ்வொருவரும் ஒரு டொலர் தர வேண்டும் என்பதே அவர் கேட்டது. 1981 பெப்ரவரியில், அவர் உயிரோடு இருக்கும்போதே, சேர்ந்த தொகை 2.4 கோடி டொலரைத் தாண்டி அன்றைய மக்கள் தொகைக்கு ஈடாயிற்று. இன்றும் அவர் பெயரால் நடக்கும் ஓட்டத்துக்கு நுழைவுக் கட்டணமோ, இவ்வளவு சேர்த்தே ஆகவேண்டும் என்ற குறைந்தபட்ச எல்லையோ கிடையாது. நமது நடைக்கும் ஒருவர் 250 டொலராவது சேர்க்க வேண்டும் என்று நிர்வாகசபையில் ஒரு பிரேரணை வந்தது. நீண்ட விவாதத்தின் பின் அதைக் கைவிட்டோம். அந்த எல்லை இருந்திருந்தால், முதியோர் இல்லத்திலிருந்து சக்கர நாற்காலியில் வந்து, தம் அறைத் தோழியிடம் பெற்ற ஐந்து டொலரைக் கையில் பொத்திக் கொண்டுவந்த அம்மாவை நாம் வாசலில் நிறுத்தியிருப்போம்.

நடக்க முடியாதவர்களும் நடக்க விரும்பாதவர்களும் தமக்குத் தெரிந்ததைச் செய்து கேட்கலாம் என்று அறிவித்ததுதான் இவ்வாண்டின் சிறந்த முடிவு என்று கருதுகிறேன். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தான் தமிழில் வாசிக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் 10 சதம் தரும்படி மாமாமாரிடமும் அத்தைமாரிடமும் வாக்குறுதி பெற்றாள். வாசித்தாளா என்று பார்க்க அவர்கள் வாரந்தோறும் அழைத்துப் பேசியதால், பணத்துக்கு மேலாக அவளுடைய தமிழும் வளர்ந்தது. வீணை ஆசிரியை ஒருவரின் மாணவர்கள், விரும்பிக் கேட்கும் பாடலை வாசித்து அனுப்பி நன்கொடை பெற்றார்கள். மணிவிழாக் கொண்டாடிய உறுப்பினர் ஒருவர், பரிசுப் பொருட்களுக்குப் பதிலாகத் திட்டத்துக்கு உதவும்படி அழைப்பிதழிலேயே அச்சிட்டிருந்தார். இன்னொருவர் தமது வீட்டில் ஒடியற்கூழ் காய்ச்சி, வந்தவர்கள் மனம்போல் இடட்டும் என்று ஒரு பெட்டியை வைத்தார். அந்தச் சனிக்கிழமை முன்னர் நமது எந்த நிகழ்வுக்கும் வராத இளைஞர்கள் பலர் அங்கே வந்து அமர்ந்திருந்தார்கள்.

கூழ் பற்றி ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. நாம் கனடா வருவாய் முகவரகத்தில் பதிவுபெற்ற அறநிறுவனமாதலால், வரிக்கழிவுக்குரிய பற்றுச்சீட்டு வழங்குகிறோம். ஆனால், கொடுத்தவர் பதிலுக்கு ஏதேனும் பெற்றிருந்தால் அதன் சந்தைப் பெறுமதியைக் கழித்தே பற்றுச்சீட்டு எழுத வேண்டும். 25 டொலர் கொடுத்து 10 டொலர் பெறுமதியான கூழ் அருந்தியவருக்கு 15 டொலருக்கே பற்றுச்சீட்டு. பெற்றதன் பெறுமதி கொடுத்ததில் 80 வீதத்தைத் தாண்டினால், அதை நன்கொடையாகவே பொதுவாகக் கருதுவதில்லை. இதனால் மனம் வருந்திய சிலரிடம் நான் நேரில் பேசினேன். சங்கத்தின் பதிவைக் காப்பதற்கு இது இன்றியமையாதது என்பதை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

துக்க வீட்டைப் பற்றியும் குறிப்பிட வேண்டும். தமது தாயாரின் 31 ஆம் நாள் நினைவை முன்னிட்டு, மலர்வளையத்துக்குச் செலவிடும் பணத்தை மதிய உணவுக்குத் தரும்படி ஒரு குடும்பத்தினர் உறவினரைக் கேட்டிருந்தார்கள். கல்வெட்டு எனப்படும் நினைவு மலரின் கடைசிப் பக்கத்திலும் அதையே அச்சிட்டார்கள். அந்த அம்மா பல ஆண்டுகள் நமது சமையலறையில் மரக்கறி வெட்டியவர். அவர் பெயரால் கேட்டபோது கொடுத்தவர்களில் பலர் வேறு நகரங்களிலும் வேறு மாகாணங்களிலும் இருப்பவர்கள். நமது சங்கம் இருப்பதையே அன்றுதான் அறிந்தவர்கள். இதைக் கண்டு, எல்லாத் துக்க வீடுகளிலும் நாமே சென்று கேட்கலாம் என்று ஒரு யோசனை எழுந்தது. நான் அதை உறுதியாக எதிர்த்தேன், இப்போதும் எதிர்க்கிறேன். அத்தகைய வேண்டுகோள் குடும்பத்தாரின் மனத்திலிருந்து வர வேண்டும். சங்கம் முன்மொழியவே கூடாது.

கேட்பதில் உள்ள கூச்சமே நமக்குப் பெரிய தடையாக இருந்தது. "கை நீட்டிப் பழக்கமில்லை, தம்பி" என்று என்னிடம் சொல்லாதவர் குறைவு. பொதுவாக வட்ஸ்அப் குழுவில் ஒரு வேண்டுகோளைப் போட்டுவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு ஏறக்குறைய எதுவும் வரவில்லை. தம் பங்கை முதலில் இட்டு, தாம் ஏன் இதைச் செய்கிறோம் என்பதை இரண்டு வரியில் எழுதி, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்தவர்களுக்குப் பணம் வந்தது. 2014 கோடையில் தலையில் பனிக்கட்டி நீரை ஊற்றிக்கொண்ட அந்தப் பெரும் இயக்கத்தின் வலிமையும் இதுவே: ஊற்றிக்கொண்டவர், அடுத்து ஊற்ற வேண்டியவர்களாக மூவரைப் பெயர் சொல்லி அழைத்தார். ஏ.எல்.எஸ். என்னும் நரம்பு நோய்க்காகப் பணியாற்றும் அமெரிக்கச் சங்கத்துக்கு மட்டும் 11.5 கோடி டொலர் அவ்வாறு சேர்ந்தது. அடுத்த ஆண்டு அது அந்த அளவில் மீண்டும் நிகழவில்லை என்பதையும் நாம் மனங்கொள்ள வேண்டும். இளைஞர் அணி இவ்வாண்டு செய்த காணொளியை அப்படியே மறுபடியும் செய்யக் கேட்டிருக்கிறது. வேறு ஒன்றைச் சிந்திக்கும்படி அவர்களை அன்புடன் வேண்டுகிறேன்.

நடந்த தவறு ஒன்றை மறைக்காமல் கூற வேண்டியது என் கடமை. கடித உறைகளில் காசாகச் சேர்த்தவர்கள் சிலர், மொத்தத் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். பற்றுச்சீட்டு உண்மையில் கொடுத்தவர் பெயருக்கே செல்ல வேண்டும். சேர்த்தவர் பெயருக்கு எழுத முடியாது. பெயரும் முகவரியும் இல்லாததால் பலருக்குப் பற்றுச்சீட்டு அனுப்ப முடியாமற் போயிற்று. உறைகளை அச்சிடும்போதே அதற்கு இடம் விடாதது எனது பிழை. அவர்களிடம் இச்சபையின் முன் மன்னிப்புக் கேட்கிறேன். வரும் ஆண்டுக்கான உறைகளில் பெயர், முகவரி, தொகை, கொடுத்த நாள் ஆகியவற்றுக்கு வரிகள் உண்டு; இணையப் பக்கத்தின் வழியாகக் கொடுப்பவர்களுக்குப் பற்றுச்சீட்டு உடனேயே மின்னஞ்சலில் செல்கிறது. இணையச் சேவைக்கு ஒரு பங்கு கட்டணமாகப் பிடிக்கப்படுவதைக் கொடுப்பவர்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்கிறோம்.

அதிகம் சேர்த்தவருக்குக் கிண்ணம் கொடுக்கும் வழக்கத்தையும் நிறுத்தினோம். பெரிய குடும்பம் உள்ள பிள்ளைக்கும், அண்மையில் வந்து குடியேறிய பிள்ளைக்கும் இடையில் அது போட்டியே அல்ல. கலந்துகொண்ட சிறுவர் எல்லோரையும் ஒருநாள் மதிய உணவு பரிமாற அழைத்தோம். தாம் சேர்த்த பணம் எந்தத் தட்டுக்குப் போகிறது என்பதை அவர்கள் கண்ணால் கண்டார்கள். சிலர் மறுவாரமும் தாமாக வந்தார்கள்.

மருமகனுக்காகவோ தோழிக்காகவோ கொடுத்தவருக்கு நம்மைத் தெரியாது. அவரை ஒரு நன்றிச் சொல்லோடு விட்டுவிட்டால் அடுத்த ஆண்டும் மருமகனே மீண்டும் கெஞ்ச வேண்டும். ஆகவே, கொடுத்த ஒவ்வொருவருக்கும், எத்தனை நாள் எத்தனை பேர் உணவருந்தினார்கள் என்ற கணக்கோடு ஒரு கடிதம் மாசி மாதத்துக்குள் அனுப்பப்படும். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழுக்கான பேராசிரியர் பதவியாகிய தமிழ் இருக்கை அமைப்பதற்கான 30 இலட்சம் டொலர் 2021 இல் முழுமையடைந்தபோது, சிறுதொகை கொடுத்தவர்களும் அதைத் தம் இருக்கை என்றே சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். நம் சமையலறையையும் அப்படிச் சொல்பவர்கள் பெருக வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

இரண்டு தீர்மானங்களை இச்சபையின் அனுமதிக்கு முன்வைக்கிறேன். முதலாவது, பிள்ளைகளின் படத்தையும் பெயரையும் இணையப் பக்கத்தில் இடுவதற்குப் பெற்றோரின் எழுத்து மூலமான சம்மதத்தைக் கட்டாயமாக்குவது. இரண்டாவது, பழைய விருந்தை முற்றாகக் கைவிடுவது. கணக்காய்வாளருக்கும், ஆண்டு விவரத்திரட்டை நிதியாண்டு முடிந்து ஆறு மாத காலத்துக்குள் முகவரகத்துக்கு அனுப்பத் துணைநின்ற உறுப்பினர்களுக்கும், பத்து வாரமும் கேட்டுச் சேர்த்த அனைவருக்கும் என் நன்றி. அடுத்த நடைக்கான பெயர்ப் பட்டியல் வாசலருகேயுள்ள மேசையில் வைக்கப்பட்டிருக்கிறது. நடப்பவர்கள் ஒரு தாளிலும், வேறு வழியில் சேர்க்க விரும்புபவர்கள் மற்றத் தாளிலும் பதிவு செய்துகொள்ளலாம்.

இங்ஙனம்,
செயலாளர்