சாஸ்தா கோயில் மலைச்சரிவுத் திருப்பணி: நிறைவு அறிக்கை

வரி கொடுத்த குடும்பத்தார் அனைவருக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

களக்காட்டுக்குத் தெற்கே, நம் சாஸ்தா கோயிலுக்குப் பின்னால் எரிந்துபோன கோயில் நிலச் சரிவில் மரம் வளர்க்கும் பணி இந்தக் கார்த்திகையோடு முடிந்தது. தீ எப்படி வந்தது என்பதை முதலில் எழுதிவிடுகிறோம். பங்குனி உத்திரத்தன்று பொங்கலிட்ட அடுப்பு ஒன்றை நம்மவர் யாரோ அணைக்காமல் போனார். இடுப்பளவு காய்ந்து நின்ற புல்லுக்கு அந்தக் கங்கு போதுமானதாக இருந்தது.

திருப்பணி என்றால் கோபுரத்துக்கு வர்ணம் பூசுவதுதானே என்று கேட்டவர்கள் குழுவுக்குள்ளேயே உண்டு.

முதல் ஆண்டு தவறினோம். கன்றுகளை விலைக்கு வாங்கி, குற்றாலத்துச் சாரலை நம்பி ஆனியில் நட்டோம். காற்றுதான் வந்தது, கிழக்கு பார்த்த நம் சரிவு நனையவே இல்லை. பாதிக்கு மேல் பட்டுப்போயின. இந்தப் பக்கம் மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் அப்போதே சொன்னார். நாங்கள் காதில் வாங்கவில்லை.

அடுத்த ஆண்டு விதையிலிருந்தே தொடங்கினோம். ஆனி, ஆடியில் உதிர்ந்த வேம்பு, இலுப்பை, நாவல் பழங்களைச் சதை நீக்கி அந்த வாரமே பைகளில் ஊன்றினோம். சேர்த்துவைத்தால் இவை முளைக்காது. ஆவாரை, உசிலை விதைகளுக்குத் தோல் கெட்டி. கொதித்து இறக்கிய நீரில் இரவு முழுவதும் ஊறப்போட்டோம். நாவலும் நீர்மருதும் ஓடைக்கரைக்குப் போயின. மேட்டில் உசிலை, வெட்பாலை, வேம்பு. ஆடு கடிக்காமல் இருக்க உடைமுள் அடைத்தோம்.

நாங்கள் நடாத மரங்களும் வந்தன. கரிக்கட்டையாக நின்ற உசிலைகள் மழை கண்டதும் தூரிலிருந்து துளிர்த்தன. அவற்றைத் தோண்டி எறிந்துவிட்டுக் குழி வெட்டத்தான் திட்டம் போட்டிருந்தோம்!

கூலியில் பெரும்பகுதியைத் தின்றது உண்ணிச்செடி. எரிந்த நிலத்தில் முந்திக்கொண்டு புதராகும். காய்ந்தால் அடுத்த தீக்கு அதுவே விறகு. வெட்டினால் மறுபடி தழைக்கும் என்பதால், ஈரம் இருக்கும்போதே வேரோடு பிடுங்கவேண்டியிருந்தது. செடி பிடுங்கவா இவ்வளவு பணம் என்று கேட்பவர்கள் ஒருமுறை மேலே ஏறிப் பார்க்கலாம்.

வரவு செலவுக் கணக்கு கோயில் மண்டபத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. பொங்கலிடுவது இனி ஓடைக்கு இந்தப் பக்கத்து மணல்திட்டில் மட்டுமே. அடுப்பில் தண்ணீர் ஊற்றிய பிறகே வண்டி ஏறவேண்டும். தீ தாண்டாமல் இருக்கப் புல்லை நீக்கிவிடும் தீத்தடுப்புக் கோட்டினைத் தை மாதம் செதுக்கவேண்டும். குடும்பத்துக்கு ஒருவர் மண்வெட்டியுடன் வரவும். சாப்பாடு குழுவின் பொறுப்பு.