வழிவிட்டவர்களுக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

பெரிய பேரிடர்களுக்குப் பிறகு சர்வதேச உதவிகளை ஒருங்கிணைக்கும் வேலையில் இருக்கிறவர்களில் நானும் ஒருவர். உங்களில் பெரும்பாலோரை நேரில் பார்த்ததில்லை, பலருடைய பெயர்கூடத் தெரியாது. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

நன்றி சொல்லும்போது முதல் வரிசை எப்போதும் இடிபாடுகளுக்குள் இறங்கியவர்களுக்கும் மருத்துவர்களுக்கும் போகும். போகத்தான் வேண்டும். ஆனால் நான் இன்றைக்குச் சொல்ல வந்தது வேறு சிலருக்கு. தன் திட்டம், தன் கொடி, தன் அவசரம் எல்லாவற்றையும் ஒரு பக்கமாக வைத்துவிட்டு, "சரி, எங்கே தேவையோ அங்கே போகிறோம், தேவையில்லை என்றால் நிற்கிறோம்" என்று சொன்னவர்களுக்கு.

இதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு எங்கோ ஒரு கட்டளை மையம் இருந்து எல்லோரையும் நகர்த்துவதுபோலத் தோன்றும். அப்படி ஒன்று கிடையாது. இன்றைய ஏற்பாட்டின் அடித்தளம் 1991 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபை நிறைவேற்றிய 46/182 தீர்மானம். பாதிக்கப்பட்ட நாட்டு அரசுக்கே முதல் பொறுப்பு என்று அது தெளிவாகச் சொல்கிறது. அவசரகால நிவாரண ஒருங்கிணைப்பாளர் என்ற பதவியும் அதிலிருந்து வந்ததுதான். ஆனால் அந்தப் பதவியில் இருப்பவர் எந்தத் தொண்டு நிறுவனத்துக்கும் உத்தரவு போட முடியாது. வரைபடத்தைக் காட்டலாம், எடுத்துச் சொல்லலாம், கேட்டுக்கொள்ளலாம். அவ்வளவுதான். ஆகவே நன்றாக ஒருங்கிணைத்தார்கள் என்று எங்களுக்குப் பெயர் கிடைக்கிற இடத்திலெல்லாம், கேட்டதும் விட்டுக்கொடுத்த யாரோ சிலர் இருக்கிறார்கள்.

கிளம்பாமல் நின்ற மீட்புக் குழுக்களே, உங்களுக்குத்தான் முதல் நன்றி. வருடக்கணக்காகப் பயிற்சி எடுத்து, பைகளைக் கட்டி, நாய்களோடு விமானத்துக்குக் காத்திருக்கும்போது "போதுமான குழுக்கள் வந்துவிட்டன" என்று ஒரு செய்தி வந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். 1985-ல் மெக்சிகோவிலும் 1988-ல் ஆர்மீனியாவிலும் நிலநடுக்கத்துக்கு ஓடிவந்த வெளிநாட்டுக் குழுக்களிடம் மனசு நிறைய இருந்தது, பொதுவான முறை இல்லை. அந்த அனுபவத்தில்தான் 1991-ல் இன்சராக் என்ற சர்வதேச மீட்புக் குழுக்களின் வலையமைப்பு பிறந்தது. அதன் பயனில் பாதி, வருகிறவர்களை ஒழுங்குபடுத்துவதில் இருக்கிறது என்றால், மீதிப் பாதி வராமல் இருக்கச் சம்மதிப்பவர்களிடம் இருக்கிறது. நீங்கள் வந்திருந்தால் உங்களுக்கும் தண்ணீர், வண்டி, எரிபொருள், மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டிருக்கும். எல்லாம் அந்த ஊரில் ஏற்கெனவே பற்றாக்குறையில் இருந்தவை.

2015 ஏப்ரல் 25 நேபாள நிலநடுக்கத்தை நினைத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட 9,000 பேர் இறந்த அந்தப் பேரிடருக்கு, பெரிய சர்வதேச விமானங்கள் இறங்கக் காத்மாண்டுவில் ஒரே ஒரு ஓடுபாதை. சில நாட்களில் அது சேதமடையத் தொடங்கி, 196 டன்னுக்கு மேற்பட்ட விமானங்கள் இறங்கக் கூடாது என்று நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த ஒற்றைப் பாதையைக் காப்பாற்றியவர்கள் அங்கிருந்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள், சரக்கு இறக்கிய தொழிலாளர்கள், அப்புறம் முகம் சுளிக்காமல் தங்கள் முறை வரும்வரை காத்திருந்தவர்கள். விமான நிலையத்தை ஒட்டி உலக உணவுத் திட்டம் ஒரு நிவாரணச் சரக்கு மையம் கட்டியிருந்தது. அது திறந்து சுமார் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. எந்தப் பேரிடரும் கண்ணில் தெரியாத காலத்தில், ஒரு சரக்கு மையத்துக்குப் பணம் கொடுக்கச் சம்மதித்த அதிகாரிகள் யாராக இருந்தாலும் அவர்களுக்குத் தலை வணங்குகிறேன். செய்தியில் வராத ஒரு காரியத்துக்குப் பணம் ஒதுக்குவது எவ்வளவு கடினம் என்று இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

பொருளாக அனுப்பாமல் பணமாகக் கொடுத்தவர்களே, உங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு பேரிடரைத் திரையில் பார்த்ததும் கை அலமாரிக்குத்தான் போகும். போர்வை, சட்டை, வீட்டில் மீந்த மாத்திரை. அந்த அன்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் பிரிக்காத துணி மூட்டைகள் துறைமுகத்தில் இடத்தை அடைத்துக்கொண்டால், அதற்குப் பின்னால் தார்ப்பாயும் தண்ணீர் சுத்திகரிக்கும் கருவியும் காத்துக்கொண்டு நிற்கும். மருந்து இன்னும் சிக்கல். உலக சுகாதார நிறுவனமும் மற்ற அமைப்புகளும் 1996-லேயே இதற்கு வழிகாட்டு விதிகள் வெளியிட்டன: போய்ச் சேரும்போது பொதுவாகக் குறைந்தது ஓராண்டாவது காலாவதிக்கு மீதி இருக்க வேண்டும், அங்குள்ள மருத்துவர்களுக்குப் புரியும் மொழியில் மருந்தின் பொதுப்பெயர் இருக்க வேண்டும். இந்த விதிக்குப் பொருந்தாத பெட்டி ஒவ்வொன்றையும் யாரோ ஒரு மருந்தாளுநர், நோயாளியைப் பார்க்க வேண்டிய நேரத்தில், உட்கார்ந்து பிரித்துக் கழிக்கிறார். பணமாகக் கொடுத்தீர்கள், அதை எதற்குச் செலவு செய்ய வேண்டும் என்றும் கட்டிப்போடவில்லை. அந்தப் பணம் பக்கத்துச் சந்தையிலேயே செலவாகி, கடையை மறுபடி திறந்தவருக்கும் கைகொடுத்தது. சில இடங்களில் நேராகக் குடும்பங்களின் கைக்கே போனது. எது வேண்டும் என்று அவர்களே தீர்மானித்தார்கள்.

கூட்டங்களுக்கு வந்தவர்களே, உங்களுக்கும். 2005 அக்டோபரில் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதுதான் கிளஸ்டர் முறை முதன்முதலில் களத்தில் இறங்கியது. சுகாதாரத்துக்கு ஒரு குழு, தங்குமிடத்துக்கு ஒன்று, தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் ஒன்று, சரக்குப் போக்குவரத்துக்கு ஒன்று என்று துறைவாரியாக எல்லோரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். யார், எங்கே, என்ன செய்கிறார்கள் என்ற பட்டியல்தான் அந்த மேசையின் உயிர். பார்க்க வெறும் எக்செல் தாள். ஆனால் நாள் முழுக்க முகாமில் நின்றுவிட்டு, இரவில் உட்கார்ந்து அதை நேர்மையாக நிரப்பியவர்கள் இல்லையென்றால், சாலையோர ஊருக்கு ஐந்து நிறுவனங்கள் போகும், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊருக்கு ஒருவரும் போக மாட்டார்கள். அந்தத் தாளில் காலியாக இருந்த வரிசையைப் பார்த்து, ஏற்கெனவே தயாராக வைத்திருந்த இடத்தை விட்டுவிட்டு, தொலைவில் இருந்த பள்ளத்தாக்கில் தங்கள் பெயரை எழுதியவர்களை நான் மறக்கவே மாட்டேன். "ஒரு நாளுக்கு ஒருவருக்கு 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்று ஸ்ஃபியர் என்ற சர்வதேச நிவாரணக் கையேடு சொல்லும் குறைந்தபட்ச அளவை எங்களால் எட்ட முடியவில்லை" என்று கூட்டத்தில் வெளிப்படையாகச் சொன்னவர்களையும் மறக்க மாட்டேன். குறையை நீங்கள் மறைத்திருந்தால் அடுத்த லாரி வேறு எங்காவது போயிருக்கும்.

மொழிபெயர்த்தவர்களுக்கு வணக்கம். 2010 ஜனவரி 12 ஹைட்டி நிலநடுக்கத்துக்குப் பிறகு பல ஒருங்கிணைப்புக் கூட்டங்கள் ஐ.நா. வளாகத்துக்குள், ஆங்கிலத்தில் நடந்தன. கிரியோல் பேசும் உள்ளூர் அமைப்புகள், தங்கள் நாட்டைப் பற்றிய கூட்டத்துக்கே உள்ளே வர முடியாமல் வாசலில் நின்றன. இது எங்கள் துறை முழுவதற்கும் தீராத கடன். அதே ஹைட்டிக்காகத்தான் எங்கெங்கோ இருந்த தன்னார்வலர்கள், செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, யாரும் சேர்த்துத் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் தலைநகர் போர்ட்டோபிரின்ஸின் தெருக்களையும் முகாம்களையும் ஒவ்வொன்றாக வரைந்தார்கள். நல்ல தெரு வரைபடமே இல்லாமல் இருந்த நகரத்தில், சில நாட்களில் மீட்புக் குழுக்கள் கையில் வைத்து வழிதேடும் அளவுக்கு ஒன்று உருவானது. படங்களை இலவசமாகத் திறந்துவிட்ட விண்வெளி நிறுவனங்களுக்கும் வணிக நிறுவனங்களுக்கும் அதில் பங்கு உண்டு.

உள்ளூர்க்காரர்களுக்கு நன்றி சொல்ல எங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்பதே கேள்விதான். முதல் சில மணி நேரத்தில் உயிரோடு எடுக்கப்படுகிறவர்களில் மிகப் பெரும்பாலோரை எடுப்பது பக்கத்து வீட்டுக்காரர்களின் வெறும் கைகள். நாங்கள் வந்து இறங்குவது அதற்குப் பிறகு. வந்ததும் உங்கள் அறைகளில் தங்கினோம், உங்கள் வண்டிகளை வாடகைக்கு எடுத்தோம், உள்ளூர் அமைப்புகளின் நல்ல ஊழியர்களை அதிகச் சம்பளம் கொடுத்து இழுத்துக்கொண்டோம். 2016-ல் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதாபிமான மாநாட்டில், மனிதாபிமான நிதியில் குறைந்தது 25 சதவீதம் 2020-க்குள் உள்ளூர் அமைப்புகளுக்கு, முடிந்தவரை நேராகவே, போக வேண்டும் என்று பெரிய கொடையாளர்களும் நிறுவனங்களும் ஒப்புக்கொண்டன. அந்தக் கணக்கை எட்டவில்லை. இப்போது வழிவிட வேண்டியது நாங்கள்தான். 2018-ல் சுலாவேசி நிலநடுக்கமும் சுனாமியும் வந்தபோது, வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் உள்ளூர்ப் பங்காளிகள் மூலமாகத்தான் வேலை செய்ய வேண்டும் என்று இந்தோனேசிய அரசு சொன்னது. பலர் முணுமுணுத்தார்கள். அது சரியான முடிவு என்றுதான் நான் நினைக்கிறேன், அதை ஏற்றுக்கொண்டு பின்வரிசையில் வேலை செய்தவர்களுக்கு என் மரியாதை.

கேள்வி கேட்டவர்களுக்கும் இந்த மடலில் இடம் உண்டு. 2010 அக்டோபரில் ஹைட்டியில் காலரா பரவியது. ஐ.நா. அமைதிப்படையின் முகாமிலிருந்தே நோய் ஆற்றில் கலந்தது என்பதை மக்கள் விடாமல் சொன்னார்கள். அதில் தன் பங்கைப் பற்றி ஐ.நா. மன்னிப்புக் கேட்க 2016 ஆகிவிட்டது. அந்த மக்கள் விட்டுக்கொடுக்கவில்லை; விட்டுக்கொடுக்கவும் கூடாது.

மறுகட்டுமானத்துக்கு வருகிறேன். கேமராக்கள் போன பிறகு நடப்பது இது, வருடக்கணக்கில் நடப்பது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு ஆச்சேயிலும் நியாஸ் தீவிலும் வேலையை ஒரே இடத்திலிருந்து நடத்த இந்தோனேசியா பி.ஆர்.ஆர். என்ற தனி அமைப்பை 2005 ஏப்ரலில் உருவாக்கியது. குந்தோரோ மங்குசுப்ரோத்தோ தலைமையில் இயங்கி, நான்கு ஆண்டில் வேலையை முடித்து, 2009-ல் அது தன்னையே கலைத்துக்கொண்டது. அதற்குள் 1,40,000 அளவுக்கு வீடுகள் எழுந்தன. கொடையாளர்கள் பலர் சேர்ந்து தங்கள் பணத்தை ஒரே பொது நிதியில் போட்டார்கள். இது எங்கள் பாலம், இது எங்கள் பள்ளி என்று பெயர்ப்பலகை மாட்டும் ஆசையை விட்டால்தான் அது நடக்கும். அதைவிடப் பெரிதாக எனக்குப் படுவது ஊர்க்காரர்கள் செய்தது. பத்திரமும் எல்லைக்கல்லும் கடலோடு போன இடங்களில், உயிர் பிழைத்தவர்கள் கூடி நின்று, இது என்னுடையது, அது இறந்துபோன அவருடைய பிள்ளைகளுடையது என்று பேசி எல்லையை ஒப்புக்கொண்டார்கள். பண்டா ஆச்சேயில் சில ஊர்க்காரர்கள் தங்கள் மனையில் ஒரு பங்கைக் கொடுத்து, அடுத்த அலை வந்தால் ஓடுவதற்கு அகலமான சாலைக்கு இடம் விட்டார்கள். எல்லாவற்றையும் இழந்த பிறகு மிச்சமிருந்த மண்ணிலிருந்து கொடுத்தது அது.

2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு நேபாளத்தில் வீட்டை மறுபடி கட்டக் கொடுத்த மானியம் 3 லட்சம் நேபாள ரூபாய், மூன்று தவணையாக. அடித்தளம் சரியாக இருக்கிறது என்று பொறியாளர் பார்த்துச் சொன்னால்தான் அடுத்த தவணை. மலைப்பாதையில் வீடு வீடாக ஏறிப் போன இளம் பொறியாளர்களுக்கும், பழகிய முறையை மாற்றிக்கொண்டு கம்பிக்கட்டு கற்றுக்கொண்ட கொத்தனார்களுக்கும், தகரக் கூரையின் கீழ் மழைக்காலங்களைக் கழித்துக்கொண்டு "அவசரப்பட வேண்டாம், உறுதியாகக் கட்டுவோம்" என்று பொறுத்திருந்த குடும்பங்களுக்கும் நன்றி.

கடைசியாக, கணக்கெடுப்புக்குப் பதில் சொன்னவர்களே. எத்தனை பேர், எத்தனை குழந்தைகள், வீடு முழுதாகப் போனதா பாதி போனதா, யாரை இழந்தீர்கள் என்று ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனித் தாளோடு வந்து கேட்டது. ஒவ்வொரு முறையும் அந்த இழப்பை முதலிலிருந்து சொன்னீர்கள். நாங்கள் போட்ட திட்டங்கள் எல்லாம் நீங்கள் சொன்ன பதில்களின் மேல் நின்றவை. இனிமேல் யாராவது அதே கேள்விகளோடு வந்தால், முன்பு எடுத்த பட்டியல் எங்கே, அதன்படி என்ன கொடுத்தீர்கள் என்று முதலில் நீங்கள் கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

மிக்க நன்றியுடன்,
ஒருங்கிணைப்புப் பணியில் இருக்கும் ஒருவர்