பழைய புல்லட்காரர்கள் கவனத்துக்கு: ஞாயிறு காலை பாயிண்ட் பார்க்கிறோம்

நண்பர்களே, வரும் ஞாயிறு காலை 7 மணிக்கு வழக்கமான இடத்தில் கூடுகிறோம். காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு) இன்ஜின் கொண்ட பழைய புல்லட் 350 வைத்திருப்பவர்கள் ஃபீலர் கேஜ் (சிறு இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) கொண்டு வாருங்கள். பாயிண்ட் (திறக்கும்போது பிளக்கில் தீப்பொறி வரவைக்கும் சிறு சுவிட்ச்) இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் இருக்க வேண்டும்.

புதிதாகச் சேர்ந்தவர்கள் கிக்கரோடு மல்லுக்கட்ட வேண்டாம், கால்தான் போகும். சாவியைப் போட்டு, டீகம்ப்ரஸரை (இன்ஜினுக்குள் இருக்கும் அழுத்தத்தை வெளியே விடும் சிறு லீவர்) பிடித்தபடி கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். ஆம்மீட்டர் (மின்னோட்டம் காட்டும் மீட்டர்) முள் நடுவுக்கு வந்தால் பாயிண்ட் திறந்துவிட்டது என்று பொருள். டீகம்ப்ரஸரை விடுங்கள், கிக்கரை மேலே வரவிட்டு முழுதாக ஒரே உதை. பாயிண்ட் சரியாக இருந்தால் முதல் உதையிலேயே பிடிக்கும். திருவொற்றியூர் என்ஃபீல்டு ஆலையில் பிறந்த அந்த இன்ஜின் நிதானமாகத் துடிப்பதைக் கேட்பதே தனி சுகம்.

அப்புறம், கழற்றிய ஒரிஜினல் பாகங்களைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். குழுவில் கேளுங்கள், தேவைப்படுபவர் நிச்சயம் இருப்பார்.