மூன்று கரண்டி சீனிக்கு நன்றி

வளைவு டீக்கடை அண்ணனுக்கும், அந்த நாலு நாளும் எங்களைத் தாங்கிய அத்தனை பேருக்கும், காலையில் நடக்கப் போகும் சுகர்காரர்கள் எல்லோரும் சேர்ந்து எழுதுவது.

மண் சரிந்து வத்தலக்குண்டு மலைச்சாலை நாலு நாள் அடைபட்ட கதையை இங்கே திருப்பிச் சொல்லப் போவதில்லை. எங்கள் மலையூர்களான தாண்டிக்குடியிலும் பண்ணைக்காட்டிலும் அது தெரியாதவர் யார்? அண்ணே, நேரில் நன்றி சொன்னால் "அட போங்கப்பா" என்று கிளாஸ் கழுவப் போய்விடுவீர்கள். அதனால்தான் மடல்.

மண் சரிந்த இடத்தில் இறங்கி நடந்தே மேலேறி வந்தவர்களிடம் நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. "மாத்திரை போட்டாச்சுல்ல, சாப்பிட்டாச்சா?" இதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரைகளும் இன்சுலினும் இலையில் சோறு விழுந்ததா என்று பார்த்து வேலை செய்வதில்லை. போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு ஏற்றம் ஏறினால் ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவர்களுக்கு இந்தப் பயம் குறைவு.

கேட்டதோடு நீங்கள் நிற்கவில்லை. பழைய தினத்தாளைக் கிழித்து, தேக்கரண்டியால் தலைதட்டி மூன்று கரண்டி சீனி, ஒரு மடிப்பு, சட்டைப் பையில் சொருகல். தலைதட்டியதுதான் விஷயம். தலைதட்டிய கரண்டி ஏறக்குறைய 5 கிராம், மூன்று போட்டால் 15. குவித்து அள்ளினால் கிட்டத்தட்ட இரட்டிப்பாகி, சர்க்கரை தேவைக்கு மேல் ஏறிவிடும். சர்க்கரை இறங்கினால் அதை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து, 15 நிமிடம் உட்கார்ந்து, விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டும். இன்னும் 70-க்குக் கீழே என்றால் இன்னொரு பொட்டலம். ஏறியதும் இரண்டு இட்லியோ மலைவாழைப்பழமோ சாப்பிட்டே ஆக வேண்டும், ஏனென்றால் மாத்திரை உள்ளே இன்னும் வேலையை முடிக்கவில்லை. சாக்லேட்டும் பால்கோவாவும் இதற்கு ஆகாது, கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழைக்க வேண்டும் என்று கடைப் பலகையில் சாக்பீஸால் எழுதி வைத்ததும் நீங்கள்தான்.

அப்புறம் அந்தச் சிவப்பு நூல். வோக்லிபோஸ் என்ற சுகர் மாத்திரை போடுகிறவர்களுக்குச் சீனி சீக்கிரம் உடையாது, குளுக்கோஸ்தான் வேண்டும் என்று மருந்துக்கடைத் தங்கச்சி சொல்லிப் போனதைக் காதில் வாங்கி, சில பொட்டலங்களில் குளுக்கோஸ் பொடியைப் போட்டுச் சிவப்பு நூல் கட்டியிருந்தீர்கள். சுகர் இல்லாத ஒரு மனிதருக்கு இவ்வளவு அக்கறை எங்கிருந்து வந்தது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

"பனியில வேர்த்தா உட்காரு" என்றீர்களே, அதுவும் சரியான பேச்சு. ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால் போடுகிறவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் பெரும்பாலும் மறையாது. இந்தக் குளிரில் சட்டை நனைந்தால் முதலில் சர்க்கரையைப் பார்க்க வேண்டும்.

இதில் எங்களுக்கும் ஒரு குட்டு உண்டு. வேலி ஓரத்துச் சிறுகுறிஞ்சான் இலையை மென்றபடி நடப்பது எங்களில் பலருக்கு வழக்கம். மென்றபின் அரை மணி, சிலருக்கு அதற்கு மேலும், நாக்கில் இனிப்பே ஏறாது. சீனி வாயில் மணலாகக் கிடக்கும். "இது சீனியே இல்ல" என்று துப்பப் போனவர்களை அதட்டி விழுங்க வைத்தீர்கள். ருசி தெரியாவிட்டாலும் ரத்தத்தில் ஏறத்தான் செய்யும்.

ஆவாரம்பூ, வெந்தயம், நாவல்கொட்டைப் பொடி எதையும் நாங்கள் விடப் போவதில்லை. ஆனால் இவையும் மாத்திரையும் ஒரே பக்கம் இழுத்தால் சர்க்கரை கூடுதலாக இறங்கும். அதனால் போடுவது அத்தனையையும் ஒரே தாளில் எழுதி, சித்த மருத்துவரிடமும் மாத்திரை எழுதும் டாக்டரிடமும் காட்டுவது என்று முடிவு செய்திருக்கிறோம். மாத்திரையைத் தூக்கி எறி, கஷாயம் போதும் என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் அந்த நாலு நாளில் ஒருவர்கூட மலையேறி வரவில்லை.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம், கோபிக்க வேண்டாம். இன்சுலின் கொண்டுவந்த ஜீப்காரத் தம்பி, பனிக்கட்டி படாமல் துண்டில் சுற்றி எடுத்து வந்தீர்கள். உறைந்திருந்தால் அத்தனையும் குப்பைக்குப் போயிருக்கும். கரண்ட் இல்லை என்று பதறியபோது, திறந்த இன்சுலின் இந்தக் குளிரில் அடுப்புப் பக்கம் போகாமல் இருந்தால் 28 நாள் தாங்கும் என்று தெம்பு சொன்ன நர்ஸ் அக்கா, விரல் விறைத்து ரத்தம் வராதபோது வெந்நீரில் கையை நனைக்கச் சொன்னதும் நீங்கள். மக்களைத் தேடி மருத்துவம் அக்காக்கள், கேழ்வரகைக் கஞ்சியாகக் கரைக்காமல் களியாகக் கிண்டி அவரைக்குழம்போடு போட்ட வீடுகள், டார்ச் பிடித்த பிள்ளைகள், எல்லோருக்கும் கும்பிடு.

இனி எங்களில் யாரும் பையில் இரண்டு பொட்டலம் இல்லாமல் வாசல் தாண்ட மாட்டோம். தாள் நமுத்துச் சீனி கட்டிபடுகிறது, எறும்பும் வருகிறது. ஆகவே பிளாஸ்டிக் உறை போட்டு, மழைக்காலத்தில் வாரா வாரம் மாற்றுகிறோம்.

ஒரு பாக்கி இருக்கிறது அண்ணே. 1 கிலோவுக்கு 66 பொட்டலம். அன்றைக்குப் போன சீனியைக் கணக்கு நோட்டில் ஏற்றவில்லை என்று அண்ணி சொன்னார்கள். சீனி போடாத டீயையே குடித்து உங்கள் கடையில் சீனிச் செலவை மிச்சப்படுத்திய கூட்டம் நாங்கள். அந்தக் கணக்கில் கழித்துக்கொண்டு, மீதியை எங்கள் பேரில் எழுதுங்கள்.