பன்னிரண்டாவது போல்ட்டு

சட்பரி, ஒண்டாரியோ
23 நவம்பர் 2025, ஞாயிறு ராத்திரி

அன்புள்ள அப்பாவுக்கு,

பாப்பா எழுதுறேன். நான் இங்கே நல்லா இருக்கேன். நீங்க, அம்மா, அப்பத்தா, தம்பி எல்லாரும் சௌக்கியமா இருக்கணும்னு குழந்தை வேலப்பரை வேண்டிக்கிட்டே இதை ஆரம்பிக்கிறேன்.

உங்க கடிதம் போன செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தது. பண்ணைக்காடு தபாலாபீஸ் முத்திரையை ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தேன். மூட்டு வலிக்கிற கையோடு நாலு பக்கம் எழுதியிருக்கீங்க. நானோ ஆடி மாசத்துக்கு அப்புறம் உங்ககிட்ட உட்கார்ந்து பேசவே இல்லை. ஃபோன் எடுத்தாலும் "சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன்" என்பதோடு வச்சிடறேன். பத்தரை மணி நேர வித்தியாசம்னு சாக்குச் சொல்ல மனசு வரலை. தப்பு என்னுதுதான், மன்னிச்சிடுங்க.

வீடியோவில் என் விரல் கணுவெல்லாம் தோல் உரிஞ்சிருக்கிறதை அம்மா பார்த்துட்டு, அங்கே பாப்பா என்னதான் வேலை பார்க்குறான்னு கேட்கச் சொன்னதா எழுதியிருந்தீங்க. பயப்பட ஒண்ணுமில்லை. ஸ்பானர் வழுக்கி இடிச்ச காயம். உங்க கையில எத்தனை வருஷமா இருக்கோ, அதே காயம்.

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பத்தி முன்னாடியே சொல்லியிருக்கேன். மரத்தாலே ஒரு சூட்டு அறை கட்டி, கல்லைக் காய வச்சுத் தண்ணி தெளிச்சு ஆவியில உட்கார்ந்துட்டு, இடுப்புத் துண்டோட வெளியே வந்து பனியில நிற்பாரே, அவர்தான். அவங்க தாத்தா காலத்திலே பின்லாந்திலிருந்து வந்த குடும்பம், இந்த ஊரில் அந்த ஜனம் நிறைய. நிக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு வாங்கினவர். பழைய பிக்கப் ஒண்ணு வச்சிருக்கார். எட்டு சிலிண்டர், 5.3 லிட்டர் பெட்ரோல் வண்டி.

என் அறை கீழ்த்தளத்தில இருக்கு. ஜன்னல் சரியா அந்த வண்டி டயர் மட்டத்துக்கு வரும். பக்கத்து அறையிலேயே வீட்டோட ஹீட்டர் மெஷின் ஓடுறதால கதகதப்பா இருக்கும், அம்மாகிட்ட சொல்லுங்க. தினமும் விடியுறதுக்கு முன்னாடி அவர் ஸ்டார்ட் பண்ணினதும் டிக் டிக் டிக்னு சத்தம் வரும். பத்து நிமிஷம் ஓடி இன்ஜின் சூடானா அடங்கிடும். அவர் வால்வைத் தள்ளுற டேப்பெட் சத்தம்னு நினைச்சு ஆயிலை மாத்திப் பார்த்திருக்கார். எனக்குப் படுக்கையிலேயே தெரிஞ்சுபோச்சு. 2014-ல் நம்ம ஜீப் இப்படித்தான் கத்துச்சு. நீங்க ரப்பர் ஹோஸ் ஒரு முனையைக் காதில வச்சுக்கிட்டு மறு முனையை இன்ஜின் புகை வெளியே போற மேனிஃபோல்டு ஓரமா நகர்த்திக்கிட்டே வந்தீங்க. அப்புறம் அந்த முனையை என் காதில வச்சு "கேட்குதா பாரு, புகை சீறுது"ன்னு சொன்னீங்க. எனக்கு அப்போ பதிமூணு வயசு.

ஒரு நாள் மனசைத் திடப்படுத்திக்கிட்டு அவர் கதவைத் தட்டினேன். அதே மாதிரி ஒரு ஹோஸை வச்சு அவர் காதுக்குக் கேட்க வச்சேன். வலது பக்கம், கடைசி சிலிண்டர். லைட் அடிச்சுப் பார்த்தா போல்ட்டுக்குத் தலையே இல்லை. இங்கே குளிர்காலம் பூரா ரோட்டில உப்பைக் கொட்டுறாங்க, பனி இளகுறதுக்காக. அது வண்டிக்கு அடியில போகாத இடம் இல்லை. சிலிண்டர் மேல மூடியா இருக்கிற ஹெட் அலுமினியம், மேனிஃபோல்டு வார்ப்பிரும்பு, சூட்டில ஒண்ணு விரியுற அளவுக்கு இன்னொண்ணு விரியாது. துரு பிடிச்ச போல்ட்டு எத்தனை வருஷம்தான் தாங்கும்?

மேனிஃபோல்டும் வளைஞ்சு போயிருக்கும்னு சொன்னேன். திரும்பவும் அதையே மாட்ட வேண்டாம், ஹெடர் வாங்கிடுவோம்னு அவர் கிளம்பிட்டார். நம்ம பக்கம் அது அதிகம் வராது, அதனால சொல்றேன். மேனிஃபோல்டில நாலு சிலிண்டர் புகையும் ஒரே பெட்டிக்குள்ள முட்டி மோதித்தானே வெளியே போகும்? ஹெடரில ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி ஸ்டீல் குழாய், எல்லாம் கடைசியில போய் ஒண்ணா சேரும். ஒரு சிலிண்டர் புகை குழாயில வேகமா ஓடும்போது அதுக்குப் பின்னாடி அழுத்தம் குறையுதில்லையா, அது அடுத்த சிலிண்டரோட புகையை இழுத்துக்கும். இன்ஜின் மூச்சு விட சிரமப்படாது.

குழாய் நீளமா இருந்தா இழுவை கூடும், அதுதான் வேணும்னு பெரியவர் நின்னார். நீள ஹெடர் மாட்டினா புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வர்ட்டரை இடம் மாத்தணும், முக்கால்வாசிப் பேர் கழற்றியே போட்டுடுறாங்க. ஒண்டாரியோவில அது சட்டப்படி குற்றம். குட்டை ஹெடர்னா பழைய பைப்பிலேயே வந்து உட்காரும், கன்வர்ட்டர் அதன் இடத்திலேயே இருக்கும். நான் பிடிவாதமா நின்னேன். இந்த ஊரில 381 மீட்டர் உயரத்துக்கு ஒரு புகைபோக்கி கட்டினாங்கப்பா, 1972-ல ஓட ஆரம்பிச்சது. அதுக்கு முன்னாடி பல வருஷம் உருக்காலை கந்தகப் புகையில சுத்துவட்டாரக் காடே செத்து, பாறை கரியாப் போயிடுச்சாம். 1978-லேருந்து மண்ணுக்குச் சுண்ணாம்பு போட்டு மரம் நட்டு நட்டுத்தான் இவ்வளவு பச்சை வந்திருக்கு. இளவட்டத்தில தானும் போய்க் கன்று நட்டதா அவரே சொல்லியிருக்கார். அதை நினைவுபடுத்தினேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, சரி, குட்டையே வாங்குவோம்னுட்டார்.

போன வாரம் சனிக்கிழமை வேலையை ஆரம்பிச்சோம். அதுக்கு முந்தின புதன்கிழமையிலிருந்தே தினமும் காலையும் ராத்திரியும் ஒவ்வொரு போல்ட்டு அடியிலும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு வச்சேன். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டு வச்சு, முன் சக்கரத்தையும் உள்பக்க மட்கார்டு மறைப்பையும் எடுத்துட்டோம். மேலிருந்து கை போகாத இடத்துக்குச் சக்கர வழியா போகும். பிளக் எல்லாம் முதல்லேயே கழற்றி வச்சாச்சு. பக்கத்துக்கு ஆறு, மொத்தம் பன்னிரண்டு போல்ட்டு. பதினொண்ணு வந்துடுச்சு. எதையும் அவசரப்படுத்தலை. கொஞ்சம் கழற்றி, கொஞ்சம் திரும்ப முடுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி கழற்றி, நீங்க செய்யுற மாதிரியே. கழற்றின வலது மேனிஃபோல்டு மேல ஸ்கேலை நிறுத்திப் பார்த்தேன், நடுவில வெளிச்சம் தெரிஞ்சது.

பன்னிரண்டாவதுதான் தலை போனது. ஹெட்டுக்கு வெளியே கால் அங்குலம் மட்டும் நீட்டிக்கிட்டு இருந்தது. பெரியவர் வெல்டிங் நல்லா பண்ணுவார். அந்த முனை மேல ஒரு நட்டை வச்சு, நட்டோட ஓட்டைக்குள்ள பத்த வச்சார். வெல்டிங் அலுமினியத்தில ஒட்டாது, அதனால ஹெட்டுக்கு ஆபத்து கம்மி. முதல் நட்டு பிய்ஞ்சு வந்துடுச்சு. ரெண்டாவதும் அப்படித்தான். மூணாவது நட்டு நெருப்பாச் சிவந்து, சிவப்பு மெல்ல மங்கி, கருஞ்சாம்பல் ஆகுற வரைக்கும் காத்திருந்து ரிங் ஸ்பானரைப் போட்டேன். அசையலை. இன்னொரு தடவை. க்ரீச்சுன்னு ஒரு சத்தம், உள்ளங்கையில ஒரு சின்ன இளக்கம். என்னை அறியாம "வாடா தங்கம், வாடா"ன்னு வாய்விட்டுச் சொல்லிட்டேன். என்ன சொன்னேன்னு பெரியவர் கேட்டார். எங்க அப்பா போல்ட்டுகிட்ட பேசுற பேச்சுன்னு சொன்னேன். அவரும் அந்த "வாடா"வைக் கத்துக்கிட்டார். மரை ஒண்ணுகூடச் சேதமில்லாம முழுசா வந்துடுச்சு.

அப்போ அவர் உள்ளே போய் ஃபிளாஸ்க்கில காப்பியும் ஒரு பெரிய பின்னல் ரொட்டியும் எடுத்துட்டு வந்தார். அவங்க வீட்டில அதை நிசுன்னு சொல்றாங்க. அவர் மனைவி இருந்தவரைக்கும் அவங்கதான் சுடுவாங்களாம், இப்போ இவரே சுடுறார். கத்தியால வெட்டினதும் வாசம் வந்துச்சு. ஏலக்காய். அப்பா, ஏலக்காய்! மேல்காட்டு ஸ்டோர்ல சூடு போட்டு உலர்த்தி, அப்பத்தா மடியில கொட்டிக் காம்பு கிள்ளுவாங்களே, அந்த வாசம். தாண்டிக்குடி மழையில அம்மா சாக்கைப் போர்த்திக்கிட்டு வர்ற வாசம். கையில கிரீஸோட ஒரு மூலையில திரும்பி நின்னுட்டேன். கண்ணில துரு விழுந்துடுச்சுன்னு சொன்னேன். அவர் ஒண்ணும் கேட்கலை. இன்னொரு துண்டு வெட்டி வச்சுட்டு, குனிஞ்சு நட்டைப் பொறுக்க ஆரம்பிச்சார்.

ஞாயிற்றுக்கிழமை பூட்டினோம். புது கேஸ்கட். ஹெடரை மாட்டுறதுக்கு முன்னாடி ஸ்பிரிட்டால துடைச்சுட்டுத்தான் தொட்டேன், கைரேகை பட்டா அப்படியே சூட்டில வெந்து ஸ்டீல்ல நிலைச்சுடும். எல்லா போல்ட்டையும் முதல்ல கையாலேயே ஏத்திட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குப் போனேன். முதல் சுற்று 11 பவுண்டு-அடி, அடுத்த சுற்று 18. நீங்க மணிக்கட்டுலேயே அளந்துடுவீங்க. எனக்கு இன்னும் டார்க் ரெஞ்ச் வேணும்.

பட்டறைக் கதவை முழுசாத் திறந்துட்டு ஸ்டார்ட் பண்ணினோம். வெளியே மைனஸ் ஒன்பது. முதல் அஞ்சு நிமிஷம் குழாய் மேல துடைச்சும் மிச்சம் இருந்த எண்ணெய் புகைஞ்சது. அப்புறம் பளபளன்னு இருந்த ஸ்டீல், ஹெட் பக்கத்திலிருந்து வைக்கோல் நிறம் ஆச்சு. பிறகு கத்தரிப்பூ நிறம், அதுக்கப்புறம் நீலம். அந்த நிறம் குழாயில நகர்ந்து போறதைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். டிக் சத்தம் இல்லவே இல்லை. ஆக்சிலேட்டரைக் கொடுத்தப்போ வந்த சத்தம் இருக்கே, வாழைத்தார் லோடு ஏத்திக்கிட்டு டம் டம் பாறை வளைவில நீங்க செகண்ட் கியருக்கு இறக்கும்போது நம்ம ஜீப் போடுற அதே அடித்தொண்டைச் சத்தம். வலது பக்கம் திரும்பினா எலிவால் அருவி தெரியும்னு ஒரு நொடி நிஜமாவே திரும்பிட்டேன்.

இன்னிக்கு ஒரு வாரம் ஓடின பிறகு, இன்ஜின் ஆறினப்போ திரும்ப முடுக்கிப் பார்த்தேன். அந்தப் பன்னிரண்டாவது மட்டும் துளி இடம் கொடுத்தது.

கூலி வாங்கலை. இங்கே லைசென்ஸ் இல்லாம இந்த வேலைக்குக் கூலி வாங்கக்கூடாது. பெரியவர் தன்னோட டார்க் ரெஞ்சையும், அவர் மனைவி போட்டிருந்த குளிர்க் கோட்டையும் கொடுத்தார். கோட்டு புதுசு மாதிரி இருக்கு, நான் வேற வாங்கத் தேவையில்லை. அவரோட தங்கச்சி மகன் பட்டறை வச்சிருக்கார், என்னை அப்ரண்டிஸாச் சேர்த்துக்கறேன்னு சொல்லியிருக்கார். 7,220 மணி நேரம் முடிக்கணும், அப்புறம் பரீட்சை. ஆரம்பத்தில சம்பளம் கொஞ்சம் கம்மிதான், ஆனா இது எனக்குத் தெரிஞ்ச வேலை. நான் வேலை பார்க்கிற கிடங்கில இப்போ வாரத்துக்கு மூணு நாள்தான் வரச் சொல்றாங்க, எனக்கும் ஓய்வா இருக்கு. இந்த மாசம் பன்னிரண்டாயிரம் அனுப்பியிருக்கேன். தை மாசத்திலிருந்து பழையபடி அனுப்பிடுவேன். சொசைட்டி லோனுக்கு வட்டியை மட்டும் இப்போ கட்டிடுங்க, அசலைப் பத்திக் கவலைப்பட வேண்டாம்.

அப்பத்தாவுக்குக் கண் ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீங்க. மழை விட்டதும் தம்பியோட மதுரைக்கு அனுப்பிடுங்க. காப்பிப் பழம் எடுக்குற வேலை மும்முரமாகுறதுக்கு முன்னாடி போயிட்டு வந்தா நல்லது, அப்புறம் யாருக்கும் நேரம் இருக்காது. மேல்காட்டு எல்லைத் தகராறில பெரியப்பா என்ன சொன்னாலும் நீங்க கையெழுத்துப் போடாதீங்க. கணக்குப்பிள்ளை மாமாவைக் கூட வச்சுக்கிட்டுப் பேசுங்க.

ஜீப்பை வித்துடலாமான்னு கேட்டிருந்தீங்க. தம்பி சொல்றதிலேயும் நியாயம் இருக்கு, ஓட்ட ஆள் இல்லாம துரு ஏறுது, வர்ற காசில கடனாவது குறையும். ஆனா அப்பா, விற்காதீங்க. நான் வர்ற வரைக்கும் வச்சிருங்க. அந்த மேனிஃபோல்டை நானே கழற்றிப் பார்க்கணும். நீங்க பக்கத்தில ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாப் போதும். கடன் பாக்கி எவ்வளவு இருக்குன்னு தம்பியை எனக்குத் தனியா எழுதச் சொல்லுங்க.

இன்னொண்ணு. காலையில குளிர்னு ஷெட் கதவைச் சாத்திக்கிட்டு ஜீப்பை ஸ்டார்ட் பண்ணி வச்சு அதுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கீங்கன்னு அம்மா சொன்னாங்க. அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அந்தப் புகையில இருக்கிற கார்பன் மோனாக்சைடு விஷவாயுவுக்கு வாசமும் இல்லை, நிறமும் இல்லை. தலை சுத்தும், அப்புறம் எழுந்திருக்க முடியாது. வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணுங்க, பேட்டரி இறங்காம இருக்கும். ஆனா ரெண்டு கதவையும் திறந்து வச்சுட்டு, வெளியே வாசத்திண்ணையில உட்காருங்க. தம்பி தினமும் பார்த்துக்கணும். அடுத்த ஞாயிறு அங்கே காலை ஏழு மணிக்குக் கூப்பிடுறேன். ஃபோனை ஷெட்டுக்கே கொண்டு வாங்க. கதவு திறந்திருக்கிறதை நான் பார்க்கணும்.

உங்க அன்பு மகள்,
பாப்பா