துணிக்கடைப் பையன்கள் ஆரம்பித்த சங்கம்

பாளையங்கோட்டை

அன்பு நண்பருக்கு ஸ்தோத்திரம்.

உம்ம கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்திருக்கிறது என்றதும் வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. இங்கே ஐப்பசி மழை ஏமாற்றவில்லை, ஆத்தில் நல்ல தண்ணீர் போகிறது.

சென்னை ஹைகோர்ட்டுக்கு எதிரே இருக்கிற ஒய்.எம்.சி.ஏ. (வாலிபர் கிறிஸ்தவ சங்கம்) கட்டடத்தை யார் கட்டினார்கள் என்று கேட்டிருந்தீர். 1890இல் சென்னையில் சங்கத்தைத் தொடங்கியவர் டேவிட் மெக்கானஹி என்ற அமெரிக்கர். அவர் முயற்சியில் 1900இல் எழும்பினது அது. பெரும்பணம் கொடுத்தவர் பிலடெல்பியாக்காரரான ஜான் வானமேக்கர். அமெரிக்காவில் மந்திரியாக இருந்தவர்தான். ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது, அவர் துணிக்கடை வைத்து முன்னுக்கு வந்தவர், வாலிபத்தில் தன் ஊர் ஒய்.எம்.சி.ஏ.விலேயே சம்பளத்துக்கு வேலை பார்த்தவர் என்பது.

சங்கமே துணிக்கடையில் பிறந்ததுதான் வே! அதை ஆரம்பித்த ஜார்ஜ் வில்லியம்ஸ் ஒரு விவசாயி வீட்டுப் பையன். கிராமத்திலிருந்து லண்டனுக்குப் போய் ஜவுளிக்கடையில் சேர்ந்தான். நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம், வாரத்தில் ஆறு நாள் வேலை. தூக்கமும் கடை மாடியிலேயே. வெளியே போனால் சாராயக்கடையும் சூதாட்டமும். 1844 ஜூன் 6ஆம் தேதி அந்த மாடி அறையில் பன்னிரண்டு பேர் கூடி ஜெபித்து ஆரம்பித்தார்கள். கட்டடம் இல்லை, கல்வெட்டு இல்லை.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு சாத்தான்குளத்துத் தங்கச்சி மகன் ஞாபகம்தான். தி.நகரில் ஒரு துணிக்கடையில் நிற்கிறான். ஆமாம், நிற்கிறான். போன வாரம் வீடியோ காலில் காலைக் காட்டினான். கணுக்கால் வீங்கி, சாக்ஸ் ரப்பர் பதிந்த தடம் பள்ளமாகக் கிடக்கிறது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021இல் நம் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தினார்கள். இவன் தளத்தில் ஒரு ஸ்டூல்கூடக் கிடையாதாம். படுக்கை, கடைக்காரர் பிடித்துக் கொடுத்த அறையில், வரிசையாகப் பாய் விரித்து. வில்லியம்ஸ் இன்றைக்கு வந்தால் அந்த அறைக்குத்தான் முதலில் போவார்.

இந்த இயக்கத்தில் நம் திருநெல்வேலிச் சீமைக்கும் பங்கு உண்டு. வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த அசரியா, 1895இல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகச் சேர்ந்தார். (அதே வருஷம்தான் அமெரிக்காவில் ஒரு ஒய்.எம்.சி.ஏ.வில் வாலிபால் பிறந்தது. நம் கோயில் மைதானங்களில் சாயந்தரம் ஆடுகிற பையன்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.) பதினாலு வருஷம் ஊர் ஊராக அலைந்தார். 1902இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்களே காசு போட்டு மிஷனெரிகளை அனுப்புவதைப் பார்த்தார். நாமும் செய்யலாமே என்று தோன்றியிருக்கிறது. மறுவருஷமே இங்கே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் உருவாயிற்று. 1912இல் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லில் பேராயரானார். இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுதான் முதல் தடவை.

நம் பாளையங்கோட்டைக் கோயிலின் ஊசிக்கோபுரத்தைக் காட்டிப் பெருமைப்படுகிறோம், சரிதான். ஆனால் ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்துக்கு அழகு அதன் கல்லில் இல்லை. ஊரை விட்டு வந்த பையனுக்கு அங்கே ஒரு கட்டில், ஒரு பந்து, படிக்க ஒரு மேசை, பேச்சுத்துணைக்கு ஒரு அண்ணன் இருக்க வேண்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனசில்லை.

அதனால் உம்மிடம் ஒரு காரியம் கேட்கிறேன். சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. நடத்துகிற விடுதிகளில் தங்கச்சி மகனுக்கு இடம் கிடைக்குமா, மாச வாடகை என்ன, ராத்திரி பதினொரு மணிக்கு வேலை முடிந்து வருகிறவனுக்குக் கேட் திறப்பார்களா என்று நேரில் போய் விசாரியும். கடைசிக் கேள்விதான் முக்கியம். அவனோடு ஒரே அறையில் நாங்குநேரி, திசையன்விளைப் பையன்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் சேர்த்தே கேளும். பதிலைப் போனில் சொல்லாமல் எழுதி அனுப்பும், தங்கச்சிக்குக் காட்ட வேண்டும்.

மதினிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

உம்ம பழைய சிநேகிதன்