என் அறையைப் பற்றிக் கேட்காமல் மைக்கை விற்றது குறித்து

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
இணையவழி ஒலிக்கருவி விற்பனைப் பிரிவு.

பொருள்: வீட்டு ஒலிப்பதிவுக்குப் பொருந்தாத மைக்கைப் பரிந்துரைத்து விற்றதும், திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்ததும் தொடர்பாக.

வணக்கம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பிய மைக்கில் பழுது எதுவும் இல்லை. நன்றாகவே வேலை செய்கிறது. உங்கள் சேவை எண்ணில் மூன்று முறை பேசினேன். மூன்று பேரும் "டேமேஜ் ஏதாவது இருக்கா மேடம்?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். புகார் தீர்க்கப்பட்டது என்று மறுநாளே குறுஞ்செய்தி வந்துவிட்டது. அதனால்தான் எழுத்தில் தருகிறேன். 32 வருடம் தமிழாசிரியையாக இருந்தவள், சுருக்கி எழுதுவது எனக்குக் கொஞ்சம் கஷ்டம்.

ஓய்வு பெற்ற பிறகு, பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து தருகிறேன். இரண்டு வருடம் செல்போனிலேயே ஒப்பேற்றினேன். பிள்ளைகள் ஒரே அத்தியாயத்தை நான்கைந்து முறை கேட்கிறவர்கள், அவர்களுக்கு இன்னும் தெளிவாகக் கொடுக்கலாமே என்றுதான் பென்ஷன் பணத்தில் 14,500 ரூபாய் எடுத்து வைத்தேன். மைக் விஷயம் எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாததால்தான் நேரடியாக ஆர்டர் போடாமல், உங்கள் ஆலோசனை எண்ணுக்கு அழைத்தேன்.

பேசிய தம்பி மரியாதையாகவே பேசினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வீடு மதுரையில், மினி பஸ் போகும் தெருவில். அறை பத்துக்குப் பத்து, உயரமும் பத்தடி. தரையில் டைல்ஸ், சுவரில் வெறும் சிமென்ட் பூச்சு. ஏசி கிடையாது, மின்விசிறி இல்லாமல் உட்கார முடியாது. வாட்ஸ்அப்பில் அறையின் படத்தையும் அனுப்பினேன். இவ்வளவுக்கும் அவர் திருப்பிக் கேட்டது ஒரே கேள்வி: "பட்ஜெட் எவ்வளவு மேடம்?" தொகையைச் சொன்னதும், "அப்ப கண்டென்சர் கிட் எடுத்துக்கங்க, ஸ்டூடியோ குவாலிட்டி" என்று எழுதி அனுப்பினார். அந்த உரையாடலின் படங்களை இணைத்திருக்கிறேன்.

பெரிய கண்டென்சர் மைக் (மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் வகை), அதற்குக் கம்பி வழியாகவே 48 வோல்ட் மின்சாரம், அதாவது ஃபாண்டம் பவர், தந்து கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ், ஸ்டாண்டு, வாய்க்காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டர், சுவரில் ஒட்ட ஓர் அங்குலக் கனத்தில் 12 ஃபோம் துண்டுகள் என்று எல்லாம் ஒரே பெட்டியில் வந்தன. ஃபோம் உறையின் மேல் 'சவுண்ட் ப்ரூஃப்' என்று கொட்டை எழுத்து. வாயிலிருந்து ஓரடி தள்ளி மைக்கை வையுங்கள் என்றது உள்ளே இருந்த தாள். அப்படியே வைத்து முழு அத்தியாயம் ஒன்றைப் பதிவு செய்து அனுப்பினேன். மறுநாள் ஒரு மாணவி போன் செய்தாள். "டீச்சர், வாய்ஸ் சூப்பர். பின்னாடி யாரோ மாவாட்டுறாங்களா?"

ஆட்டியது மூன்று வீடு தள்ளி இருப்பவர். அப்புறம் ஹெட்போன் மாட்டிக் கேட்டுப் பார்த்தேன். மின்விசிறியின் உறுமல், புறா, மினி பஸ் ஹாரன், சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக், அதற்கு நடுவே நானும் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

உங்கள் முதல் சேவையாளர், கெயினை, அதாவது மைக்கின் ஒலியைப் பெருக்கும் அளவை, குறைக்கச் சொன்னார். குறைத்தால் என் குரலும் சேர்ந்தல்லவா குறைகிறது? இரண்டாமவர், இரைச்சலை சாஃப்ட்வேரில் எடுத்துவிடலாம் என்றார். எடுத்தேன். குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல ஆனது, 'ச'வும் 'ஸ'வும் பாதி கரைந்தன. இலக்கணப் பாடத்தில் எழுத்தைக் கரைத்துவிட்டு எதை வாசிப்பது? மூன்றாமவர், பெட்டியைப் பிரித்துவிட்டதால் திரும்ப எடுக்க முடியாது என்றார். பிரிக்காமல் மைக் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் வழியை அவர் சொல்லவில்லை.

என் அக்கா மகன் திருவிழா மேடைகளுக்கு சவுண்ட் போடுகிறவன். அவன் பையில் எப்போதும் ஒரு ஷூர் எஸ்எம்58 இருக்கும். 1966 முதல் தயாரிப்பில் இருக்கும் டைனமிக் மைக், வெளியிலிருந்து மின்சாரம் கேட்காத வகை. அதை உங்கள் இன்டர்ஃபேஸிலேயே செருகி, உதட்டிலிருந்து மூன்று அங்குலத்தில் வைத்து வாசிக்கச் சொன்னான். இந்த மைக்கிலிருந்து வரும் மின்னளவு குறைவு என்பதால் கெயின் குமிழை முக்கால்வாசிக்கு மேல் திருப்ப வேண்டியிருந்தது, ஆனால் போதுமானதாக இருந்தது. 48 வோல்ட்டும் தேவைப்படவில்லை. இரண்டு பதிவிலும் என் குரலைச் சம அளவுக்குக் கொண்டுவந்து, நான் பேசாத இடத்தை அளந்தான். உங்கள் மைக்கில் மைனஸ் 47 டெசிபல். அவனுடையதில் மைனஸ் 60. மைனஸ் எண் பெரிதாக ஆக இரைச்சல் குறைவு என்று அர்த்தம். ஒலிநூல் தளங்கள் கேட்கும் அளவே மைனஸ் 60 பக்கம்தான் என்றான்.

கண்டென்சர் என்றாலே தெருவையெல்லாம் இழுக்கும், டைனமிக் இழுக்காது என்று நானும் சொல்லத் தொடங்கியபோது அவன்தான் மறித்தான். "சித்தி, மைக்குக்கு அப்படி மந்திரம் ஒண்ணும் கிடையாது. தூரம்தான் கணக்கு." தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் ஏறும். ஓரடி மூன்று அங்குலமானால் இரண்டு முறை பாதி, அதாவது 12 டெசிபல். தெரு இரைச்சல் மட்டும் இருந்த அளவிலேயே இருக்கும். அப்படியானால் உங்கள் மைக்கையும் மூன்று அங்குலத்துக்குக் கொண்டுவரலாமே என்று அதையும் செய்து பார்த்தோம், நியாயமாக இருக்க வேண்டுமல்லவா? இரைச்சல் இறங்கியது உண்மை. ஆனால் ஒவ்வொரு 'ப'வுக்கும் பட்டாசு வெடித்தது, அடித்தொனி ஏறிக் குரல் பானைக்குள் பேசுவது போல ஆனது, உதடு பிரியும் ஈரச் சத்தம்கூடத் துல்லியமாக விழுந்தது. கையில் பிடித்துப் பாடுகிற மைக்குகளை வாயருகே வைப்பார்கள் என்று தெரிந்தே அடித்தொனியைக் குறைத்துச் செய்கிறார்களாம். உங்களுடையது தள்ளி வைப்பதற்கென்றே செய்தது. அடக்கமான அறை உள்ளவருக்கு அது அருமையான மைக். நான் படம் அனுப்பியது அப்படிப்பட்ட அறையின் படமா?

ஃபோம் கதைக்கு வருகிறேன். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடியாக இருக்கும் அறையில் 56 ஹெர்ட்ஸ், அதன் மடங்குகளான 113, 169 பக்கம் ஒலி மூன்று திசையிலும் ஒரே அதிர்வெண்ணில் சேர்ந்து குமுறும். 169 என்பது என் குரல் தணிகிற இடம். 113 ஹெர்ட்ஸ் அலையின் நீளமே மூன்று மீட்டர். அதை ஓர் அங்குலப் பஞ்சு என்ன செய்யும்? கீச்சொலியின் எதிரொலி கொஞ்சம் குறைந்தது, அதை மறுக்கவில்லை. வெளிச்சத்தம் உள்ளே வருவது துளியும் குறையவில்லை. ஒலியைத் தடுக்க கனமான சுவரும் சந்தில்லாத கதவும் வேண்டும். எனக்கு ஓரளவு உதவியது, கொடியில் போட்ட இரண்டு பழைய ஜமுக்காளமும் பீரோவிலிருந்த கம்பளியும்தான். அவற்றுக்கு நான் உங்களுக்குப் பணம் தரவில்லை.

விதியையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், 2020 இரண்டு விஷயம் சொல்கிறது. விளம்பரப்படுத்திய அல்லது ஒப்புக்கொண்ட தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது. புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். மைக்குக்கு 48 வோல்ட் சரியாகக் கொடுத்தீர்கள், என் புகாரையோ 48 மணி நேரம்கூட ஆகாமல், தீர்வு தராமலே மூடிவிட்டீர்கள். 'சவுண்ட் ப்ரூஃப்' என்று அச்சிட்டது விளம்பரப்படுத்திய தன்மை. என் அறையின் படம் வந்த பிறகும் 'ஸ்டூடியோ குவாலிட்டி' என்று உங்கள் ஆலோசகர் எழுதித் தந்தது ஒப்புக்கொண்ட தன்மை. இப்படித்தான் நான் புரிந்துகொள்கிறேன். இல்லை என்றால் காரணத்தை எழுத்தில் தாருங்கள். அதை எடுத்துக்கொண்டு 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்கும், தேவைப்பட்டால் மாவட்ட ஆணையத்துக்கும் போகிறேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இன்டர்ஃபேஸ், ஸ்டாண்டு, பாப் ஃபில்டர் மூன்றும் எனக்குப் பயன்படுகின்றன, வைத்துக்கொள்கிறேன். மைக்கையும் ஃபோமையும் எடுத்துக்கொண்டு, அவற்றின் மதிப்புக்கு ஈடாக ஒரு டைனமிக் மைக் அனுப்புங்கள். விலை வித்தியாசம் இருந்தால் தரத் தயார். ஃபோம் உறையில் இருக்கும் அந்த வார்த்தையை நீக்குங்கள். அப்புறம், அந்தத் தம்பியைத் திட்டிவிட வேண்டாம், அவருக்குக் கொடுத்த தாளில் பட்ஜெட் கேள்வி மட்டும்தான் இருந்திருக்கும். எந்த அறையில் வைத்துப் பேசப்போகிறீர்கள், வாயிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைப்பீர்கள் என்ற இரண்டு கேள்வியையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

பொருளை எடுக்க வரும் கூரியர் ஆளை, காலை பத்து மணிக்கு மேல் அனுப்புங்கள். விசிறியை நிறுத்திவிட்டு விடியற்காலையிலிருந்து அதுவரைதான் இப்போது பதிவு செய்கிறேன். அழைப்பு மணியை அடிக்க வேண்டாம், போன் செய்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
மதுரை.

இணைப்பு: ரசீது நகல், வாட்ஸ்அப் உரையாடல் படங்கள், இரண்டு மைக்கிலும் வாசித்த ஒரே பத்தியின் ஒலிப்பதிவுகள். ஹெட்போனில் கேட்கவும்.